குறட்டை விட்ட மூளைச்சாவு

அன்னவாசல் கடைவீதியில் என் கடையும் ரத்தினவேல் கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நான் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன். அவன் சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவன். சுற்றுவட்டாரத்தில் எவர் செத்தாலும் முதல் போன் அவனுக்குப் போகும், அடுத்த போன் எனக்கு வரும். அவன் பெட்டியை வண்டியில் ஏற்றும்போதே நான் கம்ப்யூட்டரில் 'கண்ணீர் அஞ்சலி'யைத் திறந்து வைத்துவிடுவேன். போட்டோதான் தாமதமாக வரும். அதுவும் ஆதார் அட்டைப் போட்டோவாக வரும். உயிரோடு இருக்கும்போதே ஒரு நல்ல போட்டோ எடுத்து வைக்க இந்த ஜனங்களுக்கு என்ன கேடு என்று எனக்குப் புரிவதே இல்லை. இதைச் சொன்னால் என்னை முறைக்கிறார்கள்.

என்னை முறைப்பதோடு விட்டார்கள். ரத்தினவேலைக் கண்டால் தெருவையே மாற்றினார்கள். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, எந்நேரமும் ஒரே மாதிரி முகம். சிரித்தால் 'யாவாரம் நல்லாப் போகுதோ' என்று கேட்பார்கள் என்பதால் வீதியில் சிரிக்க மாட்டான். டீக்கடையில் யாரையாவது பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் அந்த ஆள் பாதி டீயை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒருமுறை பாத்திரக்கடைக்காரர் இருமியபோது, "ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டான். அவர் மறுநாளே புதுக்கோட்டைக்குப் போய் ஒரு டெஸ்ட் விடாமல் எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றுமில்லை என்ற ரிப்போர்ட்டை இவன் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

இதற்கெல்லாம் மேலே அவனுக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியை உடனே இறக்க மாட்டான். அழுகிறவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போவான். இறந்தவரின் இமையை விரலால் தூக்கி, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குள் அடிப்பான். வெளிச்சம் பட்டதும் கருவிழிக்கு நடுவே இருக்கும் பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பான். இரண்டு கண்ணிலும் பார்ப்பான். அது சுருங்காமல் அப்படியே இருந்தால்தான், "பிளக் பாயிண்ட் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்பான். அந்த நேரம் வரைக்கும் பெட்டி வண்டியிலேயே இருக்கும்.

இதை அவன் கற்றுக்கொண்டது திருச்சியில். அவன் மனைவி உண்ணாமலைக்கு வசந்த் என்று ஒரே தம்பி. கீரனூர் ரோட்டில் பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டு, திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தான். வாயில் குழாய், பக்கத்தில் மெஷின், நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டு இருந்தது. அதைப் பார்த்து இவன் நம்பிக்கையோடு நிற்கும்போது டாக்டர் வந்து மூளைச்சாவு என்றார். "மூச்சு விடுறானே சார்" என்று இவன் கேட்டிருக்கிறான். டாக்டர் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகப் பத்து விஷயம் சொன்னாராம். துக்கத்தில் இருந்தவன் காதில் ஒன்றுதான் ஏறியது: கண்ணில் டார்ச் அடித்தால் பாப்பா சுருங்கவில்லை. மற்ற ஒன்பதும் எங்கே போயின என்று அவனுக்கே தெரியாது. வசந்த்தின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தார்கள். அன்றையிலிருந்து நெஞ்சு ஏறி இறங்குவதை ரத்தினவேல் நம்புவதை விட்டுவிட்டான்.

உயிரோடு இருக்கிற ஒருவரைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவோமோ என்பதுதான் அவனுடைய ஆயுள் பயம். அந்தப் பயம் ஒருமுறை பலிக்கவும் பார்த்தது. காலனியில் மூக்காயி என்ற கிழவி விரதம் இருந்து மயங்கி விழுந்ததைச் சாவு என்று முடிவு கட்டி, மருமகள் காதுத் தோட்டைக்கூடக் கழற்றிவிட்டாள். ரத்தினவேல் டார்ச் அடித்தான். பாப்பா சுருங்கியது. "பாப்பா வேலை செய்யிது, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க" என்று கத்தினான். குளுக்கோஸ் ஏறியதும் கிழவி எழுந்து முதல் வார்த்தையாகத் தோட்டைக் கேட்டாள். ஊரே அவனைக் கொண்டாடியது. எனக்குத்தான் நஷ்டம், நான் பேனர் அடித்து முடித்திருந்தேன். அது இப்போது மூக்காயி வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை. கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே நாலு ஆடு நின்று தழை தின்கிறது.

அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. அசையாமல் கிடந்தது எதுவாக இருந்தாலும் டார்ச்தான். பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டுக் கிடந்த விக்ரம் என்கிறவனின் இமையைத் தூக்கினான். வந்திருப்பது கண்டக்டர் என்று நினைத்து விக்ரம், "திருச்சி ஒண்ணு" என்று சட்டைப்பையைத் துழாவினான். கோயில் காளைக்கு டார்ச் அடிக்கப் போய், அது இவனைத் துரத்தியது. நான் மதியம் கடையில் கண்ணயர்ந்த ஒரு நாள், கண்ணுக்குள் சூரியன் உதித்ததுபோல் இருக்க அலறிக்கொண்டு எழுந்தேன். "ஒண்ணுமில்லப்பா, ரொம்ப நேரமா அசையலையேன்னு பாத்தேன்" என்று போய்விட்டான். உண்ணாமலை தினமும் முந்தானையால் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். கல்யாணமான நாளிலிருந்து கணவனிடம் காட்டாத வெட்கம் அது.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே மகள், ஹரிணி. பி.காம். முடித்துப் புதுக்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண், லட்சணமான பெண். வரன்கள் வரும், ஜாதகம் பொருந்தும், "பொண்ணோட அப்பா என்ன பண்றாரு?" என்ற கேள்வியில் போய்விடும். "கூலிங் பிசினஸ்" என்று ஒரு தரகர் சொல்லிப் பார்த்தார். ஐஸ்கிரீம் என்று நினைத்து வந்தவர்கள், கடை வாசலில் பெட்டியைப் பார்த்துவிட்டுக் காரிலிருந்து இறங்கவே இல்லை.  அந்தக் கார் திரும்பிப் போன அன்று ரத்தினவேல் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான்.  செத்தால் மட்டும் இவன் வேண்டும், பெண் எடுக்க மட்டும் ஆகாதோ?

கடைசியில் ஆலங்குடிப் பக்கத்திலிருந்து அரவிந்த்குமார் என்ற பையன் வந்தான். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் பழசா இருக்கு மாமா, மாத்தித் தாரேன்" என்றான். ரத்தினவேல் வீதியில் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பையனின் அம்மா புவனேஸ்வரியும் சரி என்றுவிட்டாள். அப்பா இல்லை. அப்பா ஸ்தானத்தில் இருந்தவர் பெரியப்பா மலையாண்டி. அங்கேதான் வந்தது வினை.

மலையாண்டிக்கு மனைவி போய்ப் பல வருஷம், பிள்ளை குட்டி இல்லை. தென்னந்தோப்பும் முந்திரிக்காடும் உண்டு. எல்லாருடைய காரியத்திலும் தலையிடுவது ஒன்றுதான் பொழுதுபோக்கு. "பொணப்பெட்டிக்காரன் வீட்டுல சம்பந்தமா? என் தலைமுறையிலயே நடக்காது" என்று குதித்தார். பையன் பிடித்த பிடியில் நின்றான். அவனுக்கு லீவு கொஞ்ச நாள்தான், விட்டால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. வேறு வழியில்லாமல் மலையாண்டி ஒப்புக்கொண்டார். ஆனால் நிச்சயதார்த்தத்தில் ரத்தினவேலை ஒரு தடவைகூட 'சம்பந்தி' என்று கூப்பிடவில்லை. "பெட்டிக்காரரே, இங்கிட்டு வாங்க", "பெட்டிக்காரரே, எலை போடச் சொல்லுங்க" என்றுதான் கூப்பிட்டார். ரத்தினவேல் எல்லாவற்றுக்கும் போனான், வந்தான், இலை போட்டான்.

கல்யாணம் அன்னவாசலிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வேனில் வந்து மண்டபத்தில் தங்கினார்கள். மலையாண்டி விடிய விடியச் சீட்டாடினார். காலையில் பொங்கலும் வடையும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மண்டப வாசலில் வந்து நின்றவர் கண்ணில், எதிரே பள்ளிக்கூடத்தில் கட்டியிருந்த 'இலவசக் கண் சிகிச்சை முகாம்' பேனர் பட்டது. அந்தப் பேனரும் நான் அடித்ததுதான். இலவசம் என்றால் அவர் விடுகிற ஆளில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் எதிரே போனார். அவர்கள் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, "கண்ண மூடி ஒக்காந்திருங்கய்யா, டாக்டர் கூப்பிடுவாரு" என்றார்கள். பெஞ்சு இடிக்கிறது என்று அவர் எழுந்து வந்து, மாப்பிள்ளை அறையில் ஏ.சி.யைப் போட்டுக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிய வந்த கதை. அந்த நேரத்தில் எங்களில் யாருக்கும் தெரியாது.

தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர். முகூர்த்தம் நெருங்கியதும் ரத்தினவேலே மரியாதையாகக் கூப்பிடப் போனான். நான் மண்டப வாசலில் சாய்ந்துவிட்ட ஹரிணியின் ஃப்ளெக்ஸை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் அவன் என் தோளைத் தொட்டான். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது.

"ஏப்பா, போயிட்டாருப்பா."

"யாரு?"

"மலையாண்டி. கூப்பிட்டேன், எந்திரிக்கல. உலுக்கினேன், எந்திரிக்கல. டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். பாப்பா நல்லா விரிஞ்சு கெடக்கு. ரெண்டு கண்ணுலயும் துளிகூடச் சுருங்கல."

கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அப்படியே விட்டேன். உள்ளே போய்ப் பார்த்தேன். மலையாண்டி மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. அந்த வாயிலிருந்து வந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"யோவ், குறட்டை விடுறாருய்யா!"

"அது ஒடம்பு விடுறது. மூள போயிருச்சு."

"செத்தவன் குறட்டை விடுவானா?"

"வசந்துக்கும் நெஞ்சு ஏறி ஏறி எறங்குச்சு. டாக்டர் போயிட்டாருன்னுதான் சொன்னாரு. நான் பாத்தவன்ப்பா."

அவன் மறுபடியும் டார்ச்சை அடித்துக் காட்டினான். உண்மைதான், கண்ணுக்குள் கருப்பு பெரிதாக, அசையாமல் இருந்தது. மூக்காயி விஷயத்தில் ஊரே தப்பு, இவன் ஒருவன்தான் சரி. என் பேனரை ஆட்டுக்கு விட்டவன் இவன்தானே. நானும் நம்பிவிட்டேன். அந்த நேரத்தில் மலையாண்டி ஏதோ முனகிக்கொண்டு வயிற்றைச் சொறிந்தார். "பாத்தியா, பாவம்" என்று ரத்தினவேல் அவர் கையை எடுத்து நெஞ்சில் வைத்தான்.

உண்ணாமலை வந்தாள். விஷயத்தைச் சொன்னோம். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"இந்தா பாருங்க, மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. பங்காளித் தீட்டு. தெரிஞ்சா இந்த நிமிசமே கல்யாணம் நின்னுரும். லீவு முடிஞ்சு அவரு போயிருவாரு. ரெண்டு வருசம் யாரு காத்திருப்பா? பெட்டிக்காரன் வீட்டுக் கல்யாணத்துல சாவு விழுந்துச்சுன்னு ஊரெல்லாம் பேசுவான். அதுக்கப்புறம் எம்புள்ளைக்கு ஒரு வரன் வருமா?"

ரத்தினவேல் டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான்.

"தாலி ஏறட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். ஊருல எல்லாரும் செய்யிறதுதானே?"

அவள் சொன்னதில் தப்பில்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் சாவுச் சேதி வந்தால், கேட்டவர் வாயை மூடிக்கொண்டு தாலி ஏறும் வரை சும்மா இருப்பது இந்தப் பக்கத்தில் வழக்கம்தான். செத்தவருக்குக் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் கெட்டுப் போவதில்லை. நானும் அதையேதான் சொன்னேன். ரத்தினவேல் அறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு எங்களோடு மேடைக்கு வந்தான்.

அங்கே அவனுக்கு இன்னும் சுலபமாகிவிட்டது. புவனேஸ்வரி கையை உதறினாள். "அத்தான் கோவத்துல படுத்திருப்பாரு. இஷ்டமிருந்தா வரட்டும். நேரமாகுது, மாமனே எடுத்துக் குடுக்கட்டும்" என்றாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் ரெங்கராஜ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாரானார். மலையாண்டியை இனி யாரும் தேடப் போவதில்லை. ரத்தினவேல் வாயைத் திறக்காமல் நின்றால் போதும், மகள் கல்யாணம் முடிந்துவிடும். ஹரிணி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அரவிந்த்குமார் பல்லெல்லாம் தெரிய இருந்தான். அய்யர் மைக்கில் மந்திரம் சொல்லிக்கொண்டே தாலித் தட்டை நீட்டினார். ரெங்கராஜ் தாலியைக் கையில் எடுத்தார். தவில்காரர் குச்சியை ஓங்கினார்.

"நிறுத்துங்க!"

ரத்தினவேல்தான். உண்ணாமலை அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள், பட்டன் தெறித்தது, அவன் நிற்கவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டான்.

"மன்னிச்சிருங்க எல்லாரும். ஆலங்குடி மலையாண்டி அவுகளுக்கு மூளைச்சாவு ஆயிருச்சு. ரூம்ல கெடக்காக. நாந்தான் பாத்தேன்."

தவில் குச்சி கீழே விழுந்து உருண்டது. அடுத்த நொடி மண்டபமே எழுந்தது. புவனேஸ்வரி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, எம்புள்ளைக்கு லீவு முடிஞ்சிருமே! டிக்கெட்டு போட்டாச்சே!" ரெங்கராஜ் தாலியைத் தட்டில் போட்டார். "இந்த மனுசனுக்குச் சாகுறதுக்கு வேற நாள் கெடைக்கலியா? உயிரோட இருந்தப்பவும் தொந்தரவு, செத்தும் தொந்தரவு!" இன்னொருவர் தோப்பு யாருக்கு எழுதி வைத்திருக்கிறார் என்று விசாரித்தார். சமையல்காரர் எட்டிப் பார்த்து, பந்தியை நிறுத்தவா, போடவா என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் மலையாண்டிக்காக அழுதுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டையில் பட்டன் இல்லாமல் நின்ற ரத்தினவேல். "பாவம் சனங்களா, பெத்த புள்ள ஒண்ணு இல்லாத மனுசன். தனியா கெடக்காரு. யாராச்சும் பக்கத்துல போயி ஒக்காருங்களேன்" என்று மைக்கிலேயே அழுதான்.

எல்லாரும் மாப்பிள்ளை அறைக்கு ஓடினோம். கட்டில் காலியாக இருந்தது.

"பொணம் எங்க?" என்றார் ரெங்கராஜ்.

நான் ரத்தினவேலைப் பார்த்தேன். அவன் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தான். ஒருவர் பாத்ரூமில் தேடினார். ஒருவர் அலமாரியைத் திறந்தார். "பொணத்தத் தொலச்சிட்டியா பெட்டிக்காரா? இதுகூடவா தெரியல ஒன் தொழில்ல?" என்று ரெங்கராஜ் இவன் சட்டையைப் பிடித்தார். இருந்த பட்டனும் போயிற்று. நான் நடுவில் புகுந்து தள்ளினேன். தொழிலைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

அப்போது வாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. பெயர் பிரகதீஸ்வரி, கண் முகாமில் மருந்து போடுகிறவள்.

"ஏங்க, இங்க மலையாண்டின்னு ஒரு ஐயா வந்தாங்களா? கண்ணுல மருந்து போட்டு ஒக்கார வச்சிருந்தேன். டாக்டர் பாக்கிறதுக்குள்ள ஓடி வந்துட்டாங்க."

"என்ன மருந்து?" என்றான் ரத்தினவேல்.

"பாப்பா விரியிறதுக்குப் போடுற சொட்டு மருந்துதான். உள்ள நல்லாத் தெரியணும்ல. அது போட்டா சாயங்காலம் வரைக்கும் வெளிச்சம் அடிச்சாலும் சுருங்காது."

ரத்தினவேல் சுவரில் சாய்ந்தான். எங்களிடமிருந்து விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, மூளைச்சாவு பாக்கிறதுல டார்ச் ஒண்ணே ஒண்ணுதாங்க. மருந்து எதாவது குடுத்திருக்காங்களான்னு மொதல்ல பாப்பாங்க. கண்ணுல பஞ்ச வச்சுப் பாப்பாங்க, காதுல ஐஸ் தண்ணி விடுவாங்க, மூச்சு மெஷின எடுத்துட்டுத் தானா மூச்சு வருதான்னு பாப்பாங்க. எல்லாத்தையும் எடவெளி விட்டு ரெண்டாந் தடவையும் பாத்துட்டுத்தான் டாக்டருங்க எல்லாரும் சேந்து சொல்லுவாங்க. தானா மூச்சு விடுறவங்களுக்கு மூளைச்சாவே கெடையாதுங்க."

"அப்ப வசந்துக்கு?"

"மெஷின் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப அந்த மூச்சு மெஷினோடதுண்ணே."

ரத்தினவேல் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அந்த டாக்டர் சொன்ன மற்ற ஒன்பதும் அவன் காதுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தன. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குறட்டையைக் கேட்ட பிறகும் நம்பியதற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"அதெல்லாம் இருக்கட்டும். செத்தது யாரு, தொலஞ்சது யாரு?" என்று கத்தினார் ரெங்கராஜ். "தாலி கட்டுற நேரத்துல மைக்கப் புடிச்சுச் சாவுன்னு சொன்னவன் வீட்டுல இனிமே சம்பந்தமா? வேன எடுக்கச் சொல்லுங்க!"

மாப்பிள்ளை வீட்டார் சிலர் துணிப்பெட்டியைத் தூக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். உண்ணாமலை தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேடையில் ஹரிணி எழுந்து நின்று அழுவது தெரிந்தது. ரத்தினவேல் யாரிடமும் கெஞ்சவில்லை. 

"வேன எவன்டா எடுக்கிறது?"

சாப்பாட்டுக்கூடக் கதவில் மலையாண்டி நின்றார். வெளிச்சம் கூசியதால் தலையோடு துண்டைப் போர்த்தியிருந்தார். மீசையில் பாயாசம். நாலு பெண்கள் அலறினார்கள். ஒருவர் "அம்மாடி" என்று நாற்காலியோடு சாய்ந்தார்.

"கத்தாதீங்க, உயிரோடதான் இருக்கேன். கண்ணு கூசுச்சு, எந்திரிச்சேன். வழி தெரியாமத் தடவிக்கிட்டே போனா பந்தி இருந்துச்சு, ஒக்காந்தேன். ஸ்பீக்கர்ல மலையாண்டி செத்துட்டாருன்னாங்க. எவனோ நம்ம பேருகாரன்னு சாப்பிட்டேன். அப்புறந்தான் ஆலங்குடி மலையாண்டின்னு சொன்னது ஒறச்சுச்சு. சரி நாந்தான் போல, பாயாசத்தக் குடிச்சிட்டு எந்திரிப்போம்னு இருந்தேன்."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. மைக்கை அணைக்க மறந்து போனது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. மேடையில் பேசியதெல்லாம் பந்தியில் கேட்டிருக்கிறது.

"புவனேஸ்வரி, நீ லீவுக்கு அழுத. ஏப்பா ரெங்கராசு, சாக எனக்கு வேற நாள் கெடைக்கலியான்னு கேட்ட. தோப்பு யாருக்குன்னு கேட்ட கொரலும் எனக்குத் தெரியும். நான் பேரு சொல்லல." தோப்பைக் கேட்டவர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். மலையாண்டி துண்டை விலக்கி, கூசும் கண்ணோடு ரத்தினவேலைத் தேடினார். "நான் செத்தா ஒங்க மக கல்யாணம் நின்னுரும்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்க."

"தாலி ஏறுன பெறகு சொல்லியிருக்கலாம்ல? ஒங்களக் கேக்க ஒரு பயலும் இல்லையே."

"முடியலைங்க. நீங்க அங்கிட்டு ஒத்தையாக் கெடக்கறப்ப இங்கிட்டு மேளம் அடிக்க மனசு வரல. ஒங்களுக்குன்னு அழுக ஒருத்தராச்சும் வேணாமா?"

மலையாண்டி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்தால் கண்ணில் நீர் வடிகிறது என்று பிரகதீஸ்வரி விளக்கம் சொன்னாள், அவர் "ஆமாத்தா, மருந்துதான்" என்றார். பிறகு மேடையை நோக்கித் தடவிக்கொண்டே நடந்தார். ரெங்கராஜ் ஒதுங்கினார். தாலியை எடுக்கும்போது கண் தெரியாமல் முதலில் அய்யரின் மூக்குக்கண்ணாடியை எடுத்துவிட்டார், அதை அரவிந்த்குமார் திருத்தினான். கெட்டிமேளம் முழங்கியது. உண்ணாமலை அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் பிரகதீஸ்வரி விடாமல் அவரை முகாமுக்கு இழுத்துப் போனாள். ரத்தினவேல் கையைப் பிடித்துக்கொண்டு போனான், நானும் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, அடுத்த வாரமே ஆபரேஷன் என்றார். பிரகதீஸ்வரி அட்டையை எடுத்தாள்.

"ஆபரேஷனுக்கு யாராச்சும் கூட வந்து தங்கணுங்கய்யா. ஒங்க கூட யாரு வருவா?"

"இந்தா நிக்கிறாருல்ல, இவருதான்."

"ஒங்களுக்கு இவரு என்ன வேணும்?"

மலையாண்டி பக்கத்தில் நின்றவனின் கையைத் தடவிப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நான் செத்தா அழுகுற ஆளுன்னு எழுதிக்கத்தா."

அந்தப் பெண் 'சம்பந்தி' என்று எழுதிக்கொண்டாள்.